ராயபுரம் – வேளாங்கண்ணி: எஸ்.யூ.வி. பின்னால் வாடகை சமையல் டிரெய்லர், தாங்குமா?

கல்மண்டபம் பையன் – ஆகஸ்ட் 2, இரவு 10:14

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் எழுபது பேர் போல வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறோம். 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குள் போய்ச் சேருகிற மாதிரி 20ஆம் தேதி காலையில் கிளம்புவோம். பாத்திரம் பண்டமெல்லாம் வழக்கமாக ஒரு குட்டியானையில் வரும். அந்த அண்ணன் வண்டியை விற்றுவிட்டார்.

மாதவரத்தில் ஒருவரிடம் சமையல் டிரெய்லர் வாடகைக்கு இருக்கிறது. பத்தடி பெட்டி, ஒரே அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே இரண்டு பெரிய அடுப்பு, சின்க், பின்கதவை ஒட்டி 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. பார்த்ததும் எங்கள் பசங்களுக்கு ஆசை வந்துவிட்டது. இழுக்க என் மாமாவின் ஏழு சீட்டு எஸ்.யூ.வி. இருக்கிறது. 2015 மாடல், டீசல், மேனுவல் கியர், சேஸிஸ் உள்ள வண்டி. பின்னால் கொக்கி ஏற்கெனவே போட்டிருக்கிறார், ஆனால் இதுவரை எதையும் இழுத்ததில்லை.

போக 330 கி.மீ., வர 330 கி.மீ. போகும்போது நடைக்கூட்டத்துக்கு முன்னால் போய் ஒவ்வொரு தங்கும் இடத்திலும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வரும்போது ஒரே ஓட்டம். டிரெய்லர்காரர் "1,200 கிலோதான் தம்பி, பஞ்சு மாதிரி பின்னாலேயே வரும்" என்கிறார். தாங்குமா?

டர்போ தம்பி – ஆகஸ்ட் 2, இரவு 10:31

தாங்குமாவா! அந்த இன்ஜின் யானையையே இழுக்கும் ப்ரோ. முதல் கியரில் மெதுவாக எடுங்க, ஐந்தாவதில் போட்டதும் மறந்துடுங்க.

நாற்பதடி – ஆகஸ்ட் 2, இரவு 11:50

டர்போ தம்பி, இழுப்பதை யார் கேட்டார்கள்? நிறுத்துவதைச் சொல்லுங்கள்.

நான் 31 வருஷம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவன். ஹார்பரிலிருந்து எண்ணூர், மணலி, அப்புறம் பெங்களூரு, ஹைதராபாத். இப்போது ரிட்டயர் ஆகி பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிறேன். என் அனுபவத்தில் இன்ஜின் இழுக்க முடியாமல் யாரும் செத்ததில்லை.

கல்மண்டபம் தம்பி, மூன்று வேலை சொல்கிறேன். செய்துவிட்டு வந்து எழுதுங்கள். டிரெய்லர்காரர் சொன்ன 1,200ஐ மறந்துவிட்டு, தண்ணீர், அடுப்பு, சிலிண்டர், அண்டா எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்துங்கள். மாதவரம், மணலி பக்கம் எடைமேடைக்குப் பஞ்சமே கிடையாது. அப்புறம் டிரெய்லரின் மூக்கு, அதாவது உங்கள் கொக்கியில் உட்காருகிற இடம், அது எவ்வளவு கனம் என்று தனியாகப் பாருங்கள். மூன்றாவது, டிரெய்லர் சக்கரத்தில் பிரேக் இருக்கிறதா? இருந்தால் பிடிக்கிறதா?

மெல்போர்ன்வாசி – ஆகஸ்ட் 3, காலை 5:22

திருவொற்றியூர் தேரடியில் வளர்ந்தவன், இப்போது ஆஸ்திரேலியாவில். இங்கே வாரக்கடைசியானால் பாதித் தெரு எதையாவது இழுத்துக்கொண்டுதான் போகும், அதனால் சட்டமும் கறார். டிரெய்லர் ஏற்றிய எடையோடு 750 கிலோவைத் தாண்டினால் அதற்குச் சொந்த பிரேக் வேண்டும். 2,000ஐத் தாண்டினால், இணைப்பு அறுந்தாலும் தானாகப் பிடிக்கிற பிரேக் வேண்டும். என்னிடம் இருப்பது ஃபார்ச்சூனர். அது இங்கே பிரேக் உள்ள டிரெய்லரை 3,100 கிலோ வரை இழுக்கலாம், பிரேக் இல்லாததை 750 வரைதான். ஒரே வண்டி, ஒரே இன்ஜின். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது பிரேக் மட்டும்தான்.

உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இதே மாதிரி இரண்டு எண் இருக்கும், பாருங்கள். வேறு நாட்டு எண்ணை இணையத்தில் பார்த்துவிட்டு நம்பாதீர்கள். ஒரே மாடலுக்கு நாட்டுக்கு நாடு எண் மாறும்.

ஆர்.சி. புத்தகம் – ஆகஸ்ட் 3, காலை 9:05

காகித விஷயம் நான் சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(46)இல் டிரெய்லருக்குத் தனி விளக்கமே இருக்கிறது. அதாவது அது உங்கள் காரின் வால் இல்லை, தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி ஆர்.சி. வேண்டும். மொத்த எடை 750 கிலோ வரை டி1 வகை, அதற்கு மேல் 3.5 டன் வரை டி2. ஆர்.சி.யில் ஏற்றிய எடை எவ்வளவு என்று போட்டிருக்கும். அதுதான் எல்லை, பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது கணக்கே இல்லை.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் ஏற்றக்கூடாது, பிரிவு 146. டிரெய்லருக்கு நடப்பு பாலிசி இருக்கிறதா, உங்கள் மாமாவின் கார் பாலிசி டிரெய்லர் கட்டினாலும் செல்லுமா, இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் "ஓகே சார்" என்பதெல்லாம் க்ளெய்ம் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

டர்போ தம்பி – ஆகஸ்ட் 3, காலை 9:20

லைசென்ஸில் பேட்ஜ் இல்லாவிட்டால் டிரெய்லரைத் தொடவே கூடாதாமே?

ஆர்.சி. புத்தகம் – ஆகஸ்ட் 3, காலை 9:41

நீங்கள் கேள்விப்பட்டது பழைய சண்டை. இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் டிரெய்லர் வாடகைக்குப் போகிற வண்டி. அதன் பதிவு எந்த வகையில் இருக்கிறது, உங்கள் சொந்தக் காரில் கட்டலாமா என்பதை ஆர்.சி. நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அரைநாள் போகும், போகட்டும்.

தண்டையார்பேட்டை அக்கா – ஆகஸ்ட் 3, மதியம் 1:15

நான் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவள், வண்டி விஷயம் தெரியாது. ஆனால் 500 லிட்டர் தண்ணியை எதற்கு வேளாங்கண்ணி வரை சுமக்கிறீர்கள்? ஒரு லிட்டர் ஒரு கிலோ. அரை டன் தண்ணி! வழியெல்லாம் கோயில், மண்டபம், சத்திரம். நிற்கிற இடத்தில் பிடித்துக்கொண்டால் போகாதா தம்பி?

கல்மண்டபம் பையன் – ஆகஸ்ட் 3, இரவு 9:48

அக்கா, சில இடத்தில் தண்ணி உப்புக் கரிக்கும், போன தடவை சாம்பாரே கெட்டது. சரி, பாதித் தொட்டி பிடித்தால்?

நாற்பதடி – ஆகஸ்ட் 3, இரவு 10:30

பாதித் தொட்டி முழுத் தொட்டியைவிட மோசம்.

நம்ம ஏரியாவில் தண்ணி லாரி சிக்னலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரி நின்றுவிடும். நின்ற பிறகு உள்ளே இருக்கிற தண்ணி முன்னால் போய் முட்டி, பின்னால் வந்து முட்டி, நின்ற லாரியை இன்னொரு முறை உலுக்கும். டேங்கர் லாரிக்குள் குறுக்குத் தகடு வைத்திருப்பது அதற்குத்தான். உங்கள் பிளாஸ்டிக் தொட்டியில் தகடும் இல்லை ஒன்றும் இல்லை. வளைவில் தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கினால் ஒற்றை அச்சு டிரெய்லர் அந்தப் பக்கம் சாயும். ஒன்று முழுசாக நிரப்புங்கள், இல்லை காலியாக வையுங்கள்.

கல்மண்டபம் பையன் – ஆகஸ்ட் 6, இரவு 11:02

பெரியவர் சொன்ன மூன்று வேலையும் செய்தாயிற்று. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதவரத்திலேயே எல்லாம் ஏற்றி, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, பக்கத்து எடைமேடைக்கு ஊர்ந்து போனோம். டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்தினோம்: 1,860 கிலோ. மேடைக்காரர் சீட்டை நீட்டும்போது டிரெய்லர்காரர் வேறு பக்கம் பார்த்தார். அவருடைய ஆர்.சி.யில் ஏற்றிய எடை 1,500. எங்கள் கார் ஆள் இல்லாமல் 1,890. மாமாவின் வண்டிப் புத்தகத்தையும் தேடி எடுத்தேன். பிரேக் உள்ள டிரெய்லர் 1,500 வரை, பிரேக் இல்லாதது 750 வரை. கொக்கியின் மேல் அமரும் கனம் 150ஐத் தாண்டக்கூடாது.

மூக்குக் கனத்துக்குக் காசிமேட்டில் மீன் எடை போடும் பிளாட்பார மெஷினை ஒரு சித்தப்பாவிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தோம். இன்னும் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிரெய்லரைச் சமதரையில் வைத்து, கார் கொக்கியின் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை மெஷின் மேல் நிறுத்தி, மூக்கை அதன்மேல் இறக்கினோம். 60 கிலோ காட்டியது. லேசாக இருக்கிறதே, நல்லதுதானே என்று எனக்குச் சந்தோஷம். சரிதானா?

பிரேக் விஷயம் அசிங்கம். கொக்கிக்குப் பின்னால் ரப்பர் உறை போட்ட ஒரு தண்டு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சை நோக்கிப் போகிறது. ஆனால் நடுவில் கழற்றி, கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றிச் சட்டத்தோடு கட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால் "ரிவர்ஸ் எடுக்கும்போது தொந்தரவு பண்ணுது, அதான்" என்கிறார்.

நாற்பதடி – ஆகஸ்ட் 7, காலை 6:10

அந்தக் கம்பிதான் உயிர். அதைக் கட்டிப் போட்டிருக்கிறான்.

அதற்குப் பெயர் ஓவர்ரன் பிரேக். கார் பிரேக் பிடித்ததும் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டலில் தண்டு உள்ளே போகும், கம்பியை இழுக்கும், டிரெய்லர் சக்கரம் பிடிக்கும். கரண்ட் வேண்டாம், காற்று வேண்டாம். ஒரே தொல்லை, பழைய அமைப்பில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே முட்டல் வரும், சக்கரம் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று ஒரு பூட்டு வைத்திருப்பார்கள், இறங்கிப் போய்ப் போட வேண்டும். சோம்பேறித்தனத்துக்குக் கம்பியையே கழற்றிவிட்டான்.

மூக்கு 60 என்றால் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் தாத்தாவோ அவருக்கு அப்பாவோ மாட்டுவண்டி ஓட்டியிருப்பார். முன்பாரம், பின்பாரம் என்று கேள்விப்பட்டதில்லையா? பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும், வண்டி மாட்டைத் தூக்கப் பார்க்கும். கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தான் வண்டி மாட்டின் பின்னால் ஒழுங்காக வரும். இங்கே மாடு உங்கள் கார். பின்பாரமாக இருந்தால் ஒரு வேகத்துக்கு மேல் டிரெய்லர் நாய் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்தால் காரையும் சேர்த்து ஆட்டும்.

லோகோ ஒர்க்ஸ் – ஆகஸ்ட் 7, காலை 8:35

பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன். கணக்கைப் போட்டுவிடுவோம்.

மூக்குக் கனம் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் வரை சொல்வார்கள், நமக்கு 10 போதும். உங்களுடையது 1,860க்கு 60, மூன்று சதவீதம்தான்.

அச்சிலிருந்து கொக்கி வரை எத்தனை மீட்டர்? அச்சிலிருந்து தொட்டியின் நடுப்பகுதி எவ்வளவு பின்னால்? அளந்து சொல்லுங்கள். சீசா பலகை மாதிரிதான். பின்னால் உள்ள எடையை அதன் தூரத்தால் பெருக்கி, கொக்கித் தூரத்தால் வகுத்தால் அது மூக்கை எவ்வளவு தூக்குகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. பிரிட்டனில் புதிதாக இழுப்பவர்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: டிரெய்லர், காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். உங்களுடையது 1,890க்கு 1,860. மாடும் வண்டியும் ஒரே எடை.

கல்மண்டபம் பையன் – ஆகஸ்ட் 7, இரவு 8:20

கொக்கி வரை 3 மீட்டர். தொட்டியின் நடு 60 சென்டிமீட்டர் பின்னால்.

லோகோ ஒர்க்ஸ் – ஆகஸ்ட் 7, இரவு 8:44

500ஐ 0.6ஆல் பெருக்கினால் 300, 3ஆல் வகுத்தால் 100. அந்தத் தொட்டி உங்கள் மூக்கை 100 கிலோ தூக்கிக்கொண்டிருக்கிறது. காலி செய்தால் மொத்தம் 1,360, மூக்கு 160 பக்கம் வரும். இப்போது 150 என்ற எல்லையைக் கொஞ்சம் தாண்டும். சிலிண்டர் எங்கே?

கல்மண்டபம் பையன் – ஆகஸ்ட் 7, இரவு 9:03

இரண்டு சிலிண்டரும் முன்னால், மூக்கை ஒட்டி. அச்சிலிருந்து இரண்டு மீட்டர் இருக்கும்.

லோகோ ஒர்க்ஸ் – ஆகஸ்ட் 7, இரவு 9:10

19 கிலோ கேஸ் உள்ள சிலிண்டர் இரும்போடு சேர்த்து 35 கிலோ வரும். ஒன்றை அச்சுக்கு மேலே நகர்த்துங்கள். மூக்கில் 23 கிலோ குறையும். 137. பத்து சதவீதம்.

தண்டையார்பேட்டை அக்கா – ஆகஸ்ட் 7, இரவு 9:30

சிலிண்டரை எங்கே வைத்தாலும் நிமிர்ந்து நிற்கட்டும், படுக்க வைக்காதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வை மூடி, மூடியைப் போட்டு, கயிறில்லாமல் சங்கிலியால் கட்டுங்கள். ஓடும்போது அடுப்பு எரியவே கூடாது, "கஞ்சியைச் சூடாக வைத்திருக்கிறோம்" என்று பசங்க ஏதாவது செய்வார்கள். தண்ணிக்கு நான் சொன்னதுதான். கேன் வாங்கிக்கொள்ளலாம். இப்போதாவது கேட்பீர்களா?

கல்மண்டபம் பையன் – ஆகஸ்ட் 7, இரவு 9:34

கேட்டாயிற்று அக்கா. தொட்டி காலி.

மூலக்கடை லேத் – ஆகஸ்ட் 8, காலை 10:12

கொக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. அது பம்பரில் வெல்டு வைத்ததா, சேஸிஸில் போல்ட்டு போட்டதா? கீழே படுத்துப் பாருங்கள். பம்பர் இரும்பில் வெல்டு என்றால் அழகுக்கு மட்டும்தான். போல்ட்டுத் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் எழுதியிருக்க வேண்டும். ஒன்றும் எழுதாத போல்ட்டு கதவு கீலுக்கு.

கொக்கியின் மேல் இருக்கிற இரும்புப் பந்தின் அளவையும் வெர்னியரில் பாருங்கள். 50 மில்லிமீட்டர் ஒன்று, இரண்டு அங்குலம் ஒன்று, ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம் ஒன்று. அந்தக் கடைசிப் பந்து 47.6 மில்லிமீட்டர்தான். பந்தின்மேல் கவிழ்கிற டிரெய்லர் கிண்ணம் 50ஆக இருந்து, அதில் இதைப் போட்டால் பூட்டியது மாதிரியே தெரியும், ஒரு நல்ல வேகத்தடையில் எகிறி வெளியே வந்துவிடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றித் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது.

டிரெய்லரைக் காரோடு கட்டுகிற பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கொக்கிக்குக் கீழே குறுக்காக, பெருக்கல் குறி மாதிரி போக வேண்டும். கழன்றாலும் மூக்கு அந்தத் தொட்டிலில் விழும், ரோட்டில் குத்தாது.

லோகோ ஒர்க்ஸ் – ஆகஸ்ட் 8, காலை 10:50

அதோடு ஒரு மெல்லிய கம்பி, டிரெய்லரின் கைப்பிரேக்கிலிருந்து காருக்கு. ரயிலில் பெட்டி பிரிந்தால் காற்றுக் குழாய் அறுந்து பிரேக் தானாகப் பிடிக்கும். அதே யோசனைதான். பிரிந்தால் கம்பி கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோகும்.

கல்மண்டபம் பையன் – ஆகஸ்ட் 13, இரவு 10:40

கொக்கி சேஸிஸில்தான், ஆறு போல்ட்டு, 8.8. பந்து 50, கிண்ணமும் 50.

பிரேக்குக்கு மாதவரம் டிரெய்லர் யார்டில் ஒரு மெக்கானிக் அண்ணனைப் பிடித்தோம். பிரேக் டிரம்மைக் கழற்றினால், உள்ளே உரசிப் பிடிக்கிற ஷூ தேயவே இல்லை, துரு மட்டும். கம்பி புதுசு, ஷூவைத் தேய்த்துச் சீராக்கியது, பேரிங்குக்குக் கிரீஸ், எல்லாம் சேர்த்து 4,200. டிரெய்லர்காரர் "நான் கேட்கவில்லையே" என்றார். சண்டை போட நேரமில்லை, எங்கள் கையிலிருந்தே கொடுத்தோம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒருவன் மூக்குத் தண்டை உள்ளே தள்ள, சக்கரம் டக்கென்று நின்றது. பசங்க கைதட்டினார்கள்.

டயரில் நாலு எண் பார்க்கச் சொன்னார் அந்த அண்ணன். 3514 என்றிருந்தது. 2014ஆம் வருஷம் 35ஆவது வாரம் செய்த டயராம். பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு. இரண்டையும் மாற்றச் சொன்னோம். அதற்கு மட்டும் டிரெய்லர்காரர் ஒத்துக்கொண்டார்.

மூக்கைத் திரும்ப மீன் மெஷினில் வைத்தோம். 138. லோகோ சார், நீங்கள் ஒரு கிலோ தப்பு.

இன்ஷூரன்ஸ் கடிதம் வந்துவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காகிதத்தைக் காட்டிக் கேட்டாயிற்று. ஓட்டும் விஷயத்தில் ஏதாவது?

நாற்பதடி – ஆகஸ்ட் 14, காலை 5:55

60க்கு மேல் போகாதீர்கள். 60இல் போகிற வண்டியை நிறுத்துவதற்கும் 80இல் போவதை நிறுத்துவதற்கும் வித்தியாசம் இருபது இல்லை. பிரேக் விழுங்க வேண்டிய சூடு கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும்.

ஆடினால் பதறாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால் ஆட்டம் கூடும். காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் பக்கவாட்டில் வந்து முட்டும். "கொஞ்சம் வேகம் கொடுத்து இழுத்தால் நேராகும்" என்பான் ஒருவன், அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

ரிவர்ஸுக்கு ஒரு வித்தை. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கொஞ்சம், கொஞ்சம். ஒரு காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகினால் வந்துவிடும். அந்த ரிவர்ஸ் பூட்டைப் போட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததும் மறக்காமல் கழற்றுங்கள்.

கிளம்பி முப்பது கிலோமீட்டரில் நிறுத்தி, டிரெய்லர் சக்கர நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்திருக்கிறது. சக்கர நட்டையும் ஒருமுறை முறுக்குங்கள்.

வரும்போது வண்டலூரிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள், ஊருக்குள் இழுத்துக்கொண்டு வராதீர்கள். ஆனால் ராத்திரி வேண்டாம். லாரிக்காரன் ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்திவிட்டுத் தூங்குவான். என் ஆட்கள்தான், தெரிந்துதான் சொல்கிறேன்.

கல்மண்டபம் பையன் – செப்டம்பர் 11, இரவு 9:25

போய் வந்தாயிற்று. மாதா புண்ணியத்தில் எல்லாரும் நலம். ஆனால் நான் ஒரு தப்புச் செய்தேன், அதை எழுதாமல் இந்த இழையை விட மனசில்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு நடைக்கூட்டம் கிளம்பும், நாங்கள் ஏறக்கட்டிவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பி அவர்களைத் தாண்டி அடுத்த ஊரில் நிற்போம். மரக்காணம் தாண்டி ஒரு தென்னந்தோப்பில், கடலூருக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில், சீர்காழியில் ஒரு பள்ளி மைதானத்தில். ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர் இழுப்பது ஒரு விஷயமே இல்லை. வேகத்தடைதான் எமன். இரண்டாவது கியரில் ஏறினாலும் கார் இறங்கி முடிந்த பிறகு டிரெய்லர் ஏறும், கொக்கி ஒரு இடி இடிக்கும். முதல் நாளே இரண்டு டஜன் முட்டை போயிற்று.

திருவிழா முடிந்து 9ஆம் தேதி காலை திரும்பினோம். எல்லாருக்கும் தூக்கம். பொருள் ஏற்றியது பசங்க. பின்கதவைத் திறந்தார்கள், அண்டா, இரண்டு மூட்டை மிச்ச அரிசி, மடக்கு மேஜை, கடைசியாக வழியில் ஒருவரிடம் வாங்கிய ஜெனரேட்டர், எல்லாம் கதவை ஒட்டியே தள்ளி மூடிவிட்டார்கள். தொட்டி காலியாகத்தான் இருக்கிறதே என்று நானும் எட்டிப் பார்க்கவில்லை. மீன் மெஷின் சித்தப்பாவிடம் திரும்பப் போய்விட்டது.

திண்டிவனம் வரை கூட்டம், 50க்கு மேல் போக வழியில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியதும் ரோடு அகலம். சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேரலாம் என்ற நினைப்பு. முள் 78இல் இருந்தது. பார்த்தேன், குறைக்கவில்லை. மேல்மருவத்தூருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு ஆம்னி பஸ் வலப்பக்கம் தாண்டியது. அது பக்கத்தில் வந்ததும் காற்று டிரெய்லரை இடப்பக்கம் தள்ளியது, தாண்டியதும் உறிஞ்சின மாதிரி வலப்பக்கம் இழுத்தது. அவ்வளவுதான். கண்ணாடியில் டிரெய்லரின் இடப்பக்க விளக்கு தெரிந்தது, மறைந்தது, வலப்பக்க விளக்கு தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக. என் சீட்டுக்கு அடியில் யாரோ காரைப் பிடித்து உலுக்குவது போல. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மாமா "மரியே" என்றார்.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வைத்தும்விட்டேன், லேசாக. டிரெய்லர் இன்னும் ஒரு வீச்சு வீசியது. அப்போதுதான் பெரியவர் எழுதினது ஞாபகம் வந்து காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 70, 65, 60. ஆட்டம் சுருங்கியது. 55இல் நின்றேவிட்டது. இடப்பக்கம் ஓரம் கட்டி, எல்லாரும் இறங்கி, பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

அப்புறம் ஜெனரேட்டரையும் அரிசியையும் அச்சுக்கு முன்னால் நகர்த்திக் கட்டினோம். மூக்கைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். ஏற்றும்போது ஒருவனே ஒரு கையால் தூக்கியிருக்கிறான். மாற்றிய பிறகு இரண்டு பேர் முக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து 55. அதே மாதிரி மூன்று ஆம்னி பஸ் தாண்டியது, லேசாக ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

நாற்பதடி – செப்டம்பர் 11, இரவு 10:02

78!

கல்மண்டபம் பையன் – செப்டம்பர் 11, இரவு 10:04

தப்புதான் பெரியவரே.

நாற்பதடி – செப்டம்பர் 11, இரவு 10:20

காலை எடுத்தீர்களே, அது போதும். எனக்கு முதல் முறை ஆனது சூலூர்பேட்டைக்கு முன்னால், கண்டெய்னருக்குள் சரக்கை எப்படி அடுக்கியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சீல் வைத்த பெட்டி. நீங்களாவது கதவைத் திறந்து பார்த்திருக்கலாம்.

மெல்போர்ன்வாசி – செப்டம்பர் 12, காலை 4:50

நல்லவேளை ஓவர்ரன் பிரேக் சரியாக இருந்தது. அந்தக் கம்பி கட்டியபடியே இருந்து, நீங்கள் பிரேக்கைத் தொட்டிருந்தால் மொத்த எடையும் காரின் முதுகில்தான் வந்திருக்கும். கிளட்ச் எப்படி இருக்கிறது?

கல்மண்டபம் பையன் – செப்டம்பர் 12, காலை 7:30

மண்டபத்து வாசல் மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருமுறை கருகல் வாசனை வந்தது. ரிவர்ஸ் பூட்டைப் போட மறந்துவிட்டு, பிடித்துக்கொண்ட சக்கரத்தோடு தள்ளியிருக்கிறேன். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த இழையை அவர் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

டர்போ தம்பி – செப்டம்பர் 12, காலை 9:15

ப்ரோ, அந்த டிரெய்லர் எங்கே வாடகைக்கு? தீபாவளிக்கு ஏற்காடு ஒரு ட்ரிப் போடலாம்னு இருக்கோம்.

நாற்பதடி – செப்டம்பர் 12, காலை 9:17

மலைக்கா? இருபது கொண்டை ஊசி வளைவு. தம்பி, முதலில் தனி இழை ஆரம்பியுங்கள். இங்கே வேண்டாம்.

கல்மண்டபம் பையன் – செப்டம்பர் 12, இரவு 8:40

நேற்று டிரெய்லரைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் சுற்றி வந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், "கம்பியை யார் அவிழ்த்தது?" என்றார். மூக்குத் தண்டைத் தள்ளிச் சக்கரம் நிற்பதைக் காட்டினேன். ரிவர்ஸ் பூட்டு எங்கே இருக்கிறது என்றும் காட்டினேன், அவருக்கே தெரிந்திருக்கவில்லை. ம்ம் என்றார். அட்வான்ஸ் 5,000இல் டிரெய்லர் கழுவுகிற செலவு என்று 300ஐப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அந்தப் பழைய கட்டுக்கம்பியைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.